மருமகள் பள்ளியை அரையாண்டு முன்னதாக முடித்துவிட்டு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேரலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாமன்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். என் தங்கை திருமணமானது முதல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறாள். அவளுடைய மகள், அதாவது என் மருமகள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வரும் ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி அணியிலும் கோடைக்காலக் கிளப் அணியிலும் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடுகிறாள். அவளுடைய ஆட்டத்தைப் பார்த்த ஒரு முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த பிரிவு) பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையுடன் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இதுவரை எல்லாம் மகிழ்ச்சியான செய்திதான்.

இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் புதிதாக ஒன்று கேட்கிறார். அடுத்த ஆண்டு மே மாதம் வரை பள்ளியில் இருக்காமல், இந்த டிசம்பரிலேயே பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு ஜனவரியில் கல்லூரியில் சேர்ந்துவிட முடியுமா என்கிறார். ஏப்ரல் மாதத்தில் அவருடைய அணியிலிருந்து கார்டு இடத்தில் ஆடும் இரண்டு பெண்கள் வேறு கல்லூரிகளுக்கு மாறிப் போய்விட்டார்களாம். மருமகள் போகத் துடிக்கிறாள். மைத்துனர் சம்மதம் என்கிறார். தங்கைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இங்கே வீட்டில் என் அம்மா, ‘படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பந்து விளையாடப் போவதா?’ என்று கேட்கிறார். அது பாதியில் நிறுத்துவது அல்ல, பாடங்களை முன்கூட்டியே முடித்து முழுச் சான்றிதழ் வாங்குவதுதான் என்று நான் விளக்கினேன். ஆனாலும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பெண் பிள்ளைகளின் காரியம் எதுவானாலும் தாய்மாமனைக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. வெறும் ஆசியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. விஷயத்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல நினைக்கிறேன். அங்குள்ள விதிகள் தெரிந்தவர்களும், ஆட்டம் தெரிந்தவர்களும், இப்படிப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

இன்னொரு சிறிய கேள்வியும் உண்டு. என் சொந்த மகள் இங்கே பிளஸ் ஒன் படிக்கிறாள், அவளும் ஆடுகிறாள். அத்தை மகளைப் பார்த்து, தனக்கும் இப்படி ஒரு வழி உண்டா என்று கேட்கிறாள்.

பதில்: சித்தூர்க்காரன், சார்லட்

ஐயா, வணக்கம். எனக்கும் சொந்த ஊர் உங்கள் பக்கத்துச் சித்தூர்தான். என் மகளும் இந்த வழியாகத்தான் கல்லூரி அணிக்குப் போனாள், ஆனால் வழக்கம்போல ஆகஸ்டில். அதனால் விதிகளை ஓரளவு விரிவாகச் சொல்ல முடியும்.

முதலில் படிப்பைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதில் தடை இருந்தால் மற்றதைப் பேசிப் பயனில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆட வேண்டுமானால், உயர்நிலைப் பள்ளியில் அங்கீகரிக்கப்பட்ட 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. அந்தப் பாடங்களில் சராசரி 4க்கு 2.3க்குக் குறையக் கூடாது. இவற்றில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்திலும் 7 பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அப்படி முடித்த பாடங்களைப் பிறகு மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளவும் முடியாது. டிசம்பரில் முடிக்க நினைக்கும் மாணவிகள் பெரும்பாலும் நான்காவது ஆங்கிலப் பாடத்தில்தான் இடறுகிறார்கள், ஏனெனில் ஆண்டுக்கு ஒன்றாகப் படிக்கும்படிதான் பள்ளிகள் அதை அமைத்திருக்கின்றன. உங்கள் மருமகள் அதை இந்தக் கோடையிலேயே முடிக்கலாம், அல்லது இலையுதிர் கால அரையாண்டில் இரட்டைச் சுமையாக எடுக்கலாம். பள்ளி ஆலோசகரிடம் தங்கை இந்த வாரமே பேசட்டும்.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் படுவது. ஒரு மாணவிக்குக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் (ஆண்டுக்கு ஒன்றாக வரும் போட்டிக் காலங்கள்) ஆட அனுமதி உண்டு என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. முழுநேர மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, மார்ச் மாதப் பெரும்போட்டியோடு ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. ஜனவரியில் வந்து சேரும் பெண் அந்தப் பருவத்தின் பிற்பாதியில் ஒரே ஒரு ஆட்டத்தில் சில நிமிடங்கள் களமிறங்கினாலும் அவளுடைய நான்கு பருவங்களில் ஒன்று செலவாகிவிடும். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு ஆட்டங்கள் வரை சலுகை இருக்கிறது. கூடைப்பந்தில் அப்படி இல்லை.

இப்படி முன்னதாகச் சேர்ந்தவர்களில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஒலிவியா மைல்ஸ் என்ற பாயின்ட் கார்டைத்தான். அவர் 2021 ஜனவரியில் நாட்ர டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு மார்ச்சில், என்.சி.ஏ.ஏ. போட்டியில் மாசசூசெட்ஸ் அணிக்கு எதிராக 12 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்ட்கள் (தோழி புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பது) எடுத்தார். அந்தப் போட்டியில் ஒரு முதலாண்டு மாணவர் மூன்றிலும் இரட்டை இலக்கத்தைத் தொட்டது ஆண்கள், பெண்கள் இருபாலரிலும் அதுவே முதல்முறை. இதைக் காட்டித்தான் பயிற்சியாளர்கள் பெற்றோரிடம் பேசுகிறார்கள். ஆனால் அவர் சேர்ந்த ஆண்டு எது என்பதைக் கவனியுங்கள். கொரோனா காரணமாக 2020–21 பருவத்தை எந்த மாணவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று 2020 அக்டோபரிலேயே முடிவாகியிருந்தது. ஆகையால் அவர் ஆடிய அந்த ஆறு ஆட்டங்களுக்காக எந்தப் பருவத்தையும் இழக்கவில்லை. சேர்ந்து நான்காண்டு கடந்த பிறகும், 2025இல், தொழில்முறை அணிகளின் தேர்வுக்குப் போகாமல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு மாறி மேலும் ஒரு பருவம் ஆட அவரால் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று ஜனவரியில் சேரும் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு மாறான ஒரு வழியும் உண்டு. எகிப்து நாட்டைச் சேர்ந்த ஜனா எல் அல்ஃபி 2023 ஜனவரியில் கனெக்டிகட் அணியில் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டார், ஆட்டத்தில் இறங்கவில்லை. இதை இங்கே ரெட்ஷர்ட் என்பார்கள். அப்படிச் செய்தால் நான்கு பருவங்களும் கையில் இருக்கும், ஐந்தாண்டுக் கணக்கில் அரையாண்டு மட்டும் கழியும்.

ஆகவே தங்கை பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஜனவரியில் வந்தால் என் மகளை ஆடவிடப் போகிறீர்களா, பயிற்சியில் மட்டும் வைத்திருக்கப் போகிறீர்களா? இரண்டு கார்டுகள் போய்விட்டார்கள் என்று அவரே சொல்வதைப் பார்த்தால், ஆடவிடத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது அணியின் தேவை. பெண்ணின் தேவையும் அதுவேதானா என்று பார்க்க வேண்டும்.

ஆண் பிள்ளைகள் முன்னதாகக் கிளம்புவதைப் பார்த்து இதை மதிப்பிட வேண்டாம். ஆண்களின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் 19 வயது ஆகும் ஆண்டில், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருந்தால் சேர்ந்துவிடலாம். கூப்பர் ஃபிளாக் பள்ளியை ஓராண்டு முன்னதாக முடித்து டியூக்கில் ஒரே பருவம் ஆடி, 2025 ஜூனில் 18 வயதிலேயே முதல் ஆளாகத் தேர்வானார். அவருக்கு அந்த ஓராண்டு பெரும் பணம். பெண்களின் தொழில்முறைப் போட்டியான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அமெரிக்கப் பெண் ஒருத்தி 22 வயதை எட்டும் ஆண்டு வரையோ, கல்லூரிப் படிப்பு முடியும் வரையோ காத்திருக்க வேண்டும். அரையாண்டு முன்னால் போவதால் அந்த வாசல் அவளுக்கு முன்னதாகத் திறந்துவிடாது.

பதில்: முன்னாள் ஆட்டக்காரி, வேலந்தாவளம்

அண்ணா, மேலே எழுதியவர் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் களத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேரளத்தில் துறை அணி ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் பாயின்ட் கார்டாக ஆடியவள் நான். இப்போது எல்லையோரப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

பாயின்ட் கார்டு என்ற இடம் மற்ற நான்கு இடங்களைப் போன்றது அல்ல. உயரமான ஒரு பெண்ணை இடையில் கொண்டுவந்து கூடைக்கடியில் நிறுத்தி, ‘ரீபவுண்டு எடு, கையை உயர்த்தித் தடு’ என்று சொன்னால் அவள் அன்றைக்கே கொஞ்சம் பயன்படுவாள். பந்தை நடத்துகிறவள் அப்படி இல்லை. எந்த நேரத்தில் எந்த அமைப்பைக் கூப்பிட வேண்டும், யாருக்கு எந்தப் பக்கம் பந்து பிடிக்கும், எதிரணி பொறி வைத்தால் யார் எங்கே வந்து நிற்பாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதை அணிகள் செப்டம்பர், அக்டோபர் மாதப் பயிற்சியில் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கின்றன. ஜனவரியில் லீக் ஆட்டங்கள் வாரத்துக்கு இரண்டு நடக்கும்போது யாருக்கும் நேரம் இருப்பதில்லை; பயிற்சி நாள் முழுவதும் அடுத்த எதிரணியைப் பற்றியதாகவே போய்விடும். பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற வரம்பும் அங்கே இருக்கிறது. அந்த 20 மணியில் புதிதாக வந்த ஒருத்திக்கு எத்தனை மணி ஒதுக்குவார்கள் என்று தங்கை கேட்கட்டும்.

அதே சமயம், ஜனவரியில் போவதில் ஆதாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகள் ஆண் மாணவர்களை எதிரில் நிறுத்திப் பயிற்சி செய்கின்றன. பதினேழு வயதில் தினமும் அப்படிப்பட்ட வேகத்தையும் கை நீளத்தையும் எதிர்த்துப் பந்தைக் காப்பாற்றப் பழகுகிற பெண், ஆகஸ்டில் தன் வயதுத் தோழிகள் வந்து சேரும்போது அவர்களைவிட முன்னால் நிற்பாள். ஏப்ரலில் பருவம் முடிந்த பிறகு தனித்திறன் பயிற்சி, கோடையில் மறுபடி பயிற்சி, இவற்றையெல்லாம் சேர்த்தால் அவளுக்குக் கிடைப்பது ஏழெட்டு மாதப் பாடம். கல்லூரி வகுப்புகளும் அணியின் பயணமும் ஒன்றோடொன்று மோதும்போது எப்படிச் சமாளிப்பது என்பதையும், ஆட்டத்தின் அழுத்தம் தன் மேல் விழும் முன்பே அவள் கற்றுக்கொள்வாள். எனக்கு அந்த வயதில் இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் ஓடியே போயிருப்பேன். எங்கள் காலத்தில் பிளஸ் டூ, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அதற்குப் பிறகு ரயில்வே அல்லது மின்வாரியம் என்று ஒரே பாதைதான் இருந்தது. கோட்டயத்து கீத்து அன்னா ஜோஸும் வயநாட்டு ஜீனா ஸ்கரியாவும் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடப் போனபோது, இருவரும் இந்திய அணியில் பழுத்த ஆட்டக்காரிகள். பள்ளி வயதில் கடல் கடப்பதை எங்களில் யாரும் நினைத்தும் பார்த்ததில்லை.

ஆகையால் என் கருத்து சித்தூர்க்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறது, ஆனால் காரணம் வேறு. விதிக்காக மட்டுமல்லாமல் ஆட்டத்துக்காகவும் அவள் ஜனவரியில் களமிறங்கக் கூடாது. தெரியாத அமைப்பில், பழகாத கைகளுக்குப் பந்தைக் கொடுத்து, நான்கைந்து முறை பந்தைப் பறிகொடுத்தால் ஒரு பாயின்ட் கார்டின் துணிவு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பந்தைக் கொண்டுபோகத் தயங்கும் கார்டை அணி நம்பாது. அந்த நம்பிக்கையை மீட்க ஒரு பருவம் பிடிக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து குளிர்காலத்தில் நடக்கிறது. டிசம்பரில் அவள் கிளம்பினால் பள்ளி அணியின் பருவம் தொடங்கிய சில வாரங்களில் அதன் பாயின்ட் கார்டு போய்விடுவாள். அவளோடு சிறு வயதிலிருந்து ஆடிய பிள்ளைகளுக்கும் அது கடைசி ஆண்டு. போவது என்று முடிவானால் ஆகஸ்டிலேயே பள்ளிப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அவர் வேறொரு பெண்ணைத் தயார் செய்துகொள்வார். இதைச் சொல்லாமல் மறைத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: இயன்முறை மருத்துவர், பாலக்காடு

உடல் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கோவையிலும் பாலக்காட்டிலும் ஆட்டக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்னும் ஜவ்வு கிழிவது, ஒரே விளையாட்டை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். அதிலும் பதின்ம வயதின் பிற்பகுதிதான் ஆபத்தான காலம். யாரும் இடித்துத் தள்ளுவதால் நடப்பதைவிட, குதித்து இறங்கும்போதும், ஓடிவந்து சட்டென்று திசை மாறும்போதும், முழங்கால் உட்புறமாக மடங்குவதால் நடப்பதே மிகுதி. பாயின்ட் கார்டின் ஆட்டமே திசை மாற்றுவதுதான். கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஆட ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். மேலே சொன்ன ஒலிவியா மைல்ஸுக்கு 2023 பிப்ரவரியில் இந்த ஜவ்வு கிழிந்து 2023–24 பருவம் முழுவதும் போயிற்று. கனெக்டிகட் அணியின் பேய்ஜ் பெக்கர்ஸ் இதே காயத்தால் 2022–23 பருவத்தை இழந்தார். தென் கலிபோர்னியா அணியின் ஜூஜூ வாட்கின்ஸ் 2025 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. போட்டியின் நடுவே இதே ஜவ்வு கிழிந்து விழுந்தார். ஜனா எல் அல்ஃபிக்கு 2023 கோடையில் குதிகால் தசைநாண் அறுந்தது. இவர்களில் பெக்கர்ஸும் வாட்கின்ஸும் முன்னதாகச் சேர்ந்தவர்கள் அல்ல. எனவே முன்னதாகச் சேர்ந்ததால்தான் காயம் வந்தது என்று நான் சொல்லவில்லை. உடல் சுமைக்குத் தயாராகும் முன் சுமை ஏறுவதைத்தான் சொல்கிறேன். பள்ளியில் வாரம் இரண்டு ஆட்டம் ஆடிய பெண் திடீரென்று இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்களோடு மோதும்போது, சுமை படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவுகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. குதித்து இறங்கும் முறை, இடுப்புத் தசையின் வலு, தொடையின் பின்தசை, ஒற்றைக் காலில் சமநிலை ஆகியவற்றுக்கான பயிற்சியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தவறாமல் செய்தால் இந்தக் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்பது உலகெங்கும் நிலைநாட்டப்பட்ட உண்மை. அந்தப் பிள்ளை ஜனவரியில் போனாலும் ஆகஸ்டில் போனாலும் இன்றே அதைத் தொடங்கட்டும். உண்மையில், ஆடாமல் பயிற்சியில் மட்டும் இருக்கும் அரையாண்டு கிடைத்தால், கல்லூரியின் வலுப்பயிற்சி வல்லுநர்களின் கையில் அவளுடைய உடல் பக்குவப்பட அதைவிட நல்ல காலம் கிடைக்காது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இரும்புச்சத்து போதுமா, சைவக் குடும்பம் என்றால் புரதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்க வீட்டில் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கேட்டே ஆக வேண்டும்.

பதில்: ஒரு தாய், மூணாறு

எனக்கு இந்த விளையாட்டின் விதிகள் தெரியாது. ஆனால் அந்தத் தங்கையின் தயக்கத்தை எல்லோரும் கடந்து போகிறீர்கள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். பதினேழு வயதுப் பெண் வீட்டில் இருக்கும் கடைசி ஐந்து மாதங்கள் அவை. என் மகள் பிளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனவள், அதற்குப் பிறகு விருந்தாளியாகத்தான் வீட்டுக்கு வருகிறாள். இதற்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது என்று நான் வாதாட வரவில்லை. தாயின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்காமல், அதையும் ஒரு காரணமாக எடைபோடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பெண் ஜனவரியில் போவதானால், கல்லூரி காரில் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை மாமன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூணாறு அம்மாவுக்கு: கல்லூரி தங்கை வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது, நீங்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள்.

மருத்துவர் எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். காயம் பட்டால் அந்தப் பருவத்தைத் திரும்பத் தருவார்கள் என்று மைத்துனர் சொல்கிறார். அப்படியானால் ஜனவரியில் ஆடிப் பார்ப்பதில் நட்டம் இல்லை என்பது அவருடைய வாதம். இது சரியா?

பதில்: சித்தூர்க்காரன், சார்லட்

ஐயா, உங்கள் மைத்துனர் சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது, ஆனால் அது இந்த இடத்தில் உதவாது. பருவத்தின் முதற்பாதிக்குள் காயம் பட்டு, மொத்த ஆட்டங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் ஆடாமலும் இருந்தால்தான் அந்தப் பருவத்தைத் திரும்பக் கேட்க முடியும். ஜனவரியில் வந்து சேர்பவள் ஆடும்போது பெரும்பாலும் பருவத்தின் பிற்பாதி தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் அவளுடைய ஜவ்வு கிழிந்தால், அந்தப் பருவம் போனது போனதுதான். அடுத்த பருவத்தின் பெரும்பகுதியும் சிகிச்சையில் போகும். இரண்டு மூன்று ஆட்டங்களுக்காக இவ்வளவையும் பணயம் வைக்க வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டில் ஐந்து பருவங்களும் ஆடவிடலாம் என்ற பேச்சு அண்மைக் காலமாக நடந்துவருகிறது. அது விதியாகிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ஆகவே பல்கலைக்கழகத்தில் விதிகளைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் அலுவலரிடம், இவள் சேரும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கும் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் ‘ஆடவிட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தாலும் அதையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. அது சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது. பிப்ரவரியில் இருக்கும் ஒரே கார்டுக்குக் காயம் பட்டால் யாருடைய மனமும் மாறும். அந்த நேரத்தில் ‘நாம் இப்படி எழுதிக்கொண்டோமே’ என்று சொல்ல அந்தப் பெண்ணின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். உதவித்தொகை ஜனவரியிலிருந்தே முழுமையாகத் தொடங்குகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். முன்பெல்லாம் பெண்கள் அணிக்கு 15 உதவித்தொகை என்று வரம்பு இருந்தது. 2025 ஜூன் மாத நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு அந்தத் தீர்வை ஏற்ற கல்லூரிகளில் அணிப் பட்டியலில்தான் 15 பேர் என்ற வரம்பு இருக்கிறது. நடுவில் வருபவளுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.

முன்னதாகச் சேர்வதால் அங்கேயே கடைசி வரை இருப்பார்கள் என்பதும் இல்லை. 2021 ஜனவரியில் கனெக்டிகட்டில் சேர்ந்த சேலர் பாஃபன்பார்கர் ஏறத்தாழ ஓராண்டில் ஆர்கன்சாவுக்கும், 2024இல் மேரிலாண்டுக்கும் மாறினார். அங்கெல்லாம் நன்றாகவே ஆடினார். மாறாக, மான்ட்ரியாலிலிருந்து 2022–23 பருவத்தின் நடுவில் நாட்ர டேமுக்கு வந்த கசாண்ட்ர ப்ராஸ்பர் அந்த அணியிலேயே தொடர்ந்தார். சேர்ந்த மாதத்தைவிட அந்த அணியில் அவளுக்கு என்ன இடம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

உங்கள் மகளின் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில்தான். அதை டிசம்பரில் முடிக்க வழி இல்லை, தேவையும் இல்லை. அமெரிக்கக் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குவதால் தேர்வு முடிவு வந்ததும் நேராகப் போகலாம். சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்கும், ஹர்சிம்ரன் கௌர் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்கும் போய் ஆடிய இந்தியப் பெண்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது தாமதத்தைத்தான்: பிளஸ் டூ முடித்து ஓராண்டுக்கு மேல் இங்கேயே போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், அதற்காக அங்கே பருவத்தைக் கழிக்கும் விதி ஒன்று இருந்துவருகிறது. ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். தமிழ்வழியில் படித்திருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு எடுத்துவையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை மாமன்

நேற்று இரவு தங்கையும் மைத்துனரும் பயிற்சியாளரோடு பேசினார்கள். மருமகளும் உடன் இருந்தாள். ஆடவிடப் போகிறீர்களா என்ற கேள்வியை மருமகளே கேட்டாள். லீக் ஆட்டங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் அவள் தேவைப்படலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். ஒரு பருவத்தை அதற்காகக் கொடுக்கத் தனக்கு விருப்பம் இல்லை என்றும், பயிற்சிக்கு மட்டும் என்றால் ஜனவரியில் வரத் தயார் என்றும் அவள் சொன்னாளாம். அவர் யோசித்து, இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது ஒத்துவராவிட்டால் ஆகஸ்டில் சேர்வது. உதவித்தொகை அப்போதும் உண்டு என்று உறுதி சொல்லியிருக்கிறார். தங்கை இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டாள். பள்ளிப் பயிற்சியாளரிடமும் இப்போதே பேசிவிடச் சொல்லியிருக்கிறேன்.

நான்காவது ஆங்கிலப் பாடத்தை இணையவழிக் கோடை வகுப்பில் எடுக்க ஏற்பாடு செய்கிறார்கள். ஜனவரி ஒத்துவராவிட்டாலும் அது வீணாகாது அல்லவா?

பதில்: சித்தூர்க்காரன், சார்லட்

வீணாகாது, ஐயா. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு ஒரு பாடச் சுமை குறையும். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: அந்த இணையவழிப் பாடம், அதை நடத்தும் பள்ளியின் பெயரில் என்.சி.ஏ.ஏ. ஏற்ற பாடங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். ஆசிரியரோடு தொடர்பே இல்லாமல் தானாகப் படித்து முடிக்கும் பாடங்களை அவர்கள் ஏற்பதில்லை. பள்ளியின் குறியீட்டு எண்ணைக் கொடுத்து அந்தப் பட்டியலை இணையத்திலேயே யாரும் பார்க்கலாம்.